நாலு தப்பு வந்தால் நிறுத்தவும்

1

இந்தக் கதை ஒரு விதியிலிருந்து பிறந்தது. என் அண்ணி, பிள்ளைகளின் அறிவுத்திறனை அளக்கும் உளவியலாளர். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "தொடர்ந்து நாலு தப்பு வந்தா நிறுத்திடணும் தம்பி. அதுக்கு மேல கேக்கக் கூடாது. புள்ள மனசு ஒடிஞ்சிடும்." பிள்ளைகளுக்கு இருக்கும் இந்தச் சலுகை எழுத்தாளர்களுக்கும் இருந்திருந்தால், என் முதல் நாவல் இரண்டாம் பக்கத்திலேயே நின்றிருக்கும். பலர் பிழைத்திருப்பார்கள்.

எனக்கு ஒரு குதர்க்கமான சந்தேகம் வந்தது. ஒரு பிள்ளை மூன்று தப்பு, ஒரு சரி, மறுபடி மூன்று தப்பு, ஒரு சரி என்று சொல்லிக்கொண்டே போனால்?

"கேள்வி தீர்ற வரைக்கும் கேக்க வேண்டியதுதான்."

"தீரவே இல்லேன்னா?"

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா தம்பி?"

இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2

தொடக்கங்கள்.

அந்த அறையில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் (எல்லா அறையிலும் அதுதான் இருக்கும். அடித்தாயிற்று.)

சிறுமியின் கண்களில் ஏதோ ஒரு (ஏதோ ஒன்று என்றால், என்னவென்று எனக்கே தெரியவில்லை என்று அர்த்தம். அடித்தாயிற்று.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். இரட்டைப் பெண் பிள்ளைகள், எட்டு வயது. முன்னால் பிறந்தவள் பெரிசு, பின்னாலேயே வந்தவள் சின்னது. இருவரும் படிப்பில் மந்தம் என்று பள்ளியில் சோதனைக்கு அனுப்பினார்கள். பெரிசுக்குப் போன வாரம் முடிந்தது. எல்லாப் பகுதியிலும் எடுத்த எடுப்பிலேயே நாலு தப்பு. அவளை ஊருக்கு வெளியே ஒரு விடுதிப் பள்ளிக்கு மாற்றப்போகிறார்கள்.

இன்று சின்னதின் முறை. நன்றாகச் செய்தால் இங்கேயே இருக்க வேண்டும், தனியாக. மோசமாகச் செய்தால் வேறு எங்கேயாவது போட்டுவிடுவார்கள். அக்கா போகும் அதே இடத்துக்குப் போக எவ்வளவு மோசமாகச் செய்ய வேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. தெரியும்வரை சோதனை முடியக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள்.

3

உளவியலாளர் பெட்டியைத் திறந்தார். (இவர் அண்ணி இல்லை. அண்ணியும் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

"ரெண்டு பொருள் சொல்வேன். ரெண்டுக்கும் என்ன ஒத்துமைன்னு சொல்லணும். நாற்காலி, குதிரை."

"ரெண்டுக்கும் பசிக்கும்."

"பேனா, துடைப்பம்."

"ரெண்டும் வியாழக்கிழமை."

"கப்பல், ரயில்."

"ரெண்டும் எங்க மாமா."

உளவியலாளர் பரிதாபத்தோடு நாலாவது கேள்வியைக் கேட்டார். "தபால்காரர், புறா."

"ரெண்டு பேரும் சேதி கொண்டு வருவாங்க."

முழு மதிப்பெண். விதிப்படி தப்புகளின் கணக்கு மறுபடி முதலிலிருந்து. இப்படியே போய், பெட்டியிலிருந்த கேள்விகளெல்லாம் தீர்ந்துபோயின. (கைப்பிரதியைப் படித்த அண்ணி ஓரத்தில் எழுதியது: கேள்வி தீர்ந்தால் சோதனையும் தீர்ந்தது. என் பதில்: என் கதையில் சோதனைக் கையேட்டின் அந்தப் பக்கம் பசையில் ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது.)

உளவியலாளர் கண்ணில் பட்டதையும் நினைவுக்கு வந்ததையும் கேட்க ஆரம்பித்தார். "மின்விசிறி, மேலாளர்."

"ரெண்டும் மேல இருந்து சத்தம் போடும். காத்து வராது."

அதற்கும் முழு மதிப்பெண் போட வேண்டியதாயிற்று. அந்த அலுவலகத்தின் மேலாளர் நல்லவேளையாக அதற்குப் பிறகுதான் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இன்னும் நாலு தப்பு வரல சார்."

"எத்தனை வந்திருக்கு?"

"மூணு சார். எப்பவுமே மூணு."

நாட்கள் போயின. அறைக்குள் தலையணை வந்தது, சாப்பாடு வந்தது, ஸ்டாப்வாட்சுக்குப் புது பேட்டரி வந்தது. நடையில் பெரிசோடு காத்திருந்த அப்பா பொழுது போகாமல் ஜெராக்ஸ் மெஷினைப் பழுது பார்த்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் எது கெட்டாலும் அவரைக் கூப்பிட்டார்கள். ஒருநாள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறேன் என்றவருக்கு மேலாளர் விடுப்பு தர மறுத்துவிட்டார்.

4

இங்கே எனக்குச் சின்னதின் மேல் சந்தேகம் வந்தது. மூன்று தப்பையும் தப்பாமல் தப்பாகச் சொல்ல வேண்டுமென்றால், சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். இவளா மந்தம்?

"அதான் கெட்டிக்காரின்னு தெரிஞ்சு போச்சே," என்றார் அண்ணி. "மார்க்கைப் போட்டு முடிச்சிட வேண்டியதுதானே?"

"போட்டா ரெண்டு பேரையும் பிரிச்சிடுவாங்க அண்ணி."

அண்ணி கைப்பிரதியை என் பக்கமே திருப்பித் தள்ளினார். எனவே அறைக்கே திரும்பினேன். உளவியலாளர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கண்ணு, ஒரே ஒரு தப்பு சேத்துச் சொல்லேன். நான் வீட்டுக்குப் போகணும்."

"பெரிசுக்கு எவ்ளோ வந்துச்சு மிஸ்?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

"அதையே எனக்கும் போட்டுடுங்க."

"அப்படிப் போட முடியாது."

"அப்ப அடுத்த கேள்வி கேளுங்க."

உளவியலாளர் பென்சிலைக் கீழே வைத்தார். "உங்க அக்கா ஒண்ணுக்குமே வாயைத் திறக்கல. கதவையே பாத்துட்டிருந்தா."

"வெளிய நான் நின்னேன் மிஸ். என்னையும் உள்ள விட்டிருந்தா சொல்லியிருப்பா."

கிண்டலாக ஒரு கதை எழுதலாம் என்று உட்கார்ந்தவன் நான். இந்த வரிக்குப் பிறகு பேனாவை மூடி வைத்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

5

முடிவு ஒன்று: உளவியலாளர் பெரிசையும் உள்ளே அழைக்கிறார். ஒரே நாற்காலியில் இருவரும் நெருக்கி உட்காருகிறார்கள். பெரிசு மளமளவென்று எல்லாவற்றுக்கும் விடை சொல்கிறாள். (அண்ணி: ரெண்டு பேரைச் சேத்து உக்கார வச்சா அது செல்லாது தம்பி. தப்பு.)

முடிவு இரண்டு: மூன்று தப்புக்குப் பிறகு சின்னது அசந்து தூங்கிவிடுகிறாள். மௌனமும் தப்புதான், ஆக நாலு. மதிப்பெண் விழுகிறது. காலையில் பெரிசை மட்டும் வண்டியில் ஏற்று (முடிக்க மாட்டேன். தப்பு.)

முடிவு மூன்று: மேலாளர் பொறுமையிழந்து உளவியலாளரையே சோதிக்கிறார். தொடர்ந்து நாலு தப்பு. அவரை விடுதிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். (சிரிப்பு வந்தது. ஆனால் பிள்ளைகளை அம்போவென்று விட்டுவிட்டேன். தப்பு.)

6

எனக்கும் மூன்று தப்பு ஆகிவிட்டது. நாலாவது முடிவையும் நான் தப்பாகச் சொன்னால் விதிப்படி கதை நின்றுவிடும். நின்றால் சின்னதுக்கு மதிப்பெண் விழும். ஆகவே நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

சின்னதும் மூன்று தப்பில்தான் நிற்கிறாள். உளவியலாளர் அடுத்த கேள்விக்காக அறையைத் துழாவுகிறார். மேசைமேல் ஒரு கத்தரிக்கோல். கதவோரம் சின்னது கழற்றிப் போட்ட செருப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் பெரிசு. சின்னதுக்குக் களைப்பு. கண் சொருகுகிறது. இந்தத் தடவை அவளுக்குப் பதிலாக வேறு யாராவது சொல்ல வேண்டும்.

கொஞ்சம் அந்த நாற்காலியில் உட்காருங்கள். ஸ்டாப்வாட்ச் என்னிடம்தான் இருக்கிறது, பேட்டரியைக் கழற்றிவிட்டேன். அவசரமே இல்லை. கத்தரிக்கோல், செருப்பு. ரெண்டுக்கும் என்ன ஒத்துமை?