வட்டத்துக்குள் முகம்

"தலையச் செத்த தூக்கிப் பிடிண்ணே. வெளிச்சம் பத்தல."

சார்லஸ் அப்பாவின் பிடரிக்குக் கீழே இன்னொரு தலையணையைச் செருகினான். வினோலியா ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு வந்து போனை நீட்டினாள். திரையில் ஒரு வட்டம். அதற்குள் அப்பா ராயப்பராஜின் முகம் வர வேண்டும், வந்தபின் அவர் கண்ணைச் சிமிட்ட வேண்டும்.

விவசாயிகளுக்கு நாலு மாதத்துக்கு ஒருமுறை வரும் இரண்டாயிரம், ஆளை உறுதிசெய்யாததால் அவருக்கு இரண்டு தவணையாக நின்றிருந்தது. மம்பட்டிப் பிடி தேய்த்த விரல்களில் மிஷின் படிக்கிற அளவுக்கு ரேகை இல்லை. முகத்தைக் காட்டினால் போதும் என்று, அகரத்தில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் வினோலியா சொன்னபோது அவர் மறுத்துவிட்டார்.

"உசுரோட இருக்கேன்னு கவர்மெண்டப் பாத்துக் கண்ணடிக்கணுமாக்கும். ஒங்கம்மாவப் பாத்தே நான் அடிச்சதில்ல."

அந்தக் கிண்டலிலேயே ஐந்து மாதம் போனது. இப்போது ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றுச் சாயங்காலம் பங்குச்சாமி வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு, சாகக்கிடக்கிறவர்களுக்கான நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். கிணற்று மோட்டாரில் காயில் கருகிக் கிடந்தது. ஒரு ஏக்கர் வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. காயில் கட்ட நாலாயிரம் கேட்டார்கள். ஆள் போய்விட்டால் நின்ற தவணையும் போய்விடும்.

"ஆதார்ல மீசையும் கன்னமுமா இருக்காரு. இந்த மூஞ்சிய அது நம்புமா?" என்றான் சார்லஸ்.

"சத வத்துனாலும் கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறாதுண்ணே. அதையெல்லாந்தான் அளக்குது."

சிமிட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. யாராவது போட்டோவைக் காட்டி ஏமாற்றலாம். போட்டோ சிமிட்டாது.

'நேராகப் பார்க்கவும்' என்றது திரை. அப்பா போனுக்கு மேலே, வினோலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். கண்கள் இடப்பக்கம் வந்தன. வலப்பக்கம் வந்தாள். அங்கேயும் வந்தன.

"ஏங்க, இங்குட்டுப் போனப் பாருங்க." ஆனந்தமேரி ஈரத்துணியால் கணவரின் உதட்டைத் துடைத்தாள். "இம்புட்டு நேரமா ஒங்க மக கை நோகப் புடிச்சிட்டு நிக்கிறா."

"ஒன்னையப் பாக்குறாரு பாப்பா" என்றான் சார்லஸ். "மூஞ்சிய மறச்சுக்க."

வினோலியா போனைத் தன் முகத்துக்கு நேராக உயர்த்தினாள். இப்போது அவளுக்கும் அப்பா திரையில்தான் தெரிந்தார்.

அவர் கண்கள் அலைந்தன. மெல்ல வட்டத்தின் நடுவுக்கு வந்தன. இமை இறங்கியது. வெகுநேரம் கழித்து ஏறியது.

வட்டம் பச்சையாகி அவர் முகத்தை மூடிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அது சுற்றும்போது போனை அசைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வீட்டில் சிக்னலும் மெதுவாகத்தான் வரும். அவள் அசையாமல் பிடித்திருந்தாள்.

'சரிபார்ப்பு முடிந்தது.'

"ஆச்சா?"

"ஆச்சுண்ணே."

சார்லஸ் காயில் கட்டுகிறவருக்குப் பேச வாசலுக்குப் போனான். ஆனந்தமேரி துணியை நனைக்க எழுந்தாள்.

வினோலியா போனை இறக்கினாள். அப்பாவின் கண்கள் போன் இருந்த இடத்திலேயே நின்றிருந்தன. அவள் குனிந்து அந்த இடத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். பிறகு கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தாள். கொஞ்சம் வலப்பக்கம்.