தீர்ப்பு வரைக்கும் கபடி

"அவரை நிறுத்தி வைக்கப் போறீங்களா, ஆட விடப் போறீங்களா?" என்று அன்றைக்குத் தொலைபேசியில் கேட்டாள் செண்பகவல்லி.

"ரெண்டும் இல்லம்மா," என்றார் கபடி லீக்கின் செயலாளர் குற்றாலிங்கம். "உங்க வீட்டுக்காரர் பாடிக்கிட்டிருக்கார்."

"மேட்ச் முடிஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சே சார்."

"மேட்ச் முடிஞ்சது. அவர் ரெய்டு முடியல. தீர்ப்பு வர்ற வரைக்கும் அவர் ரெய்டுலயே இருக்கார்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு. ரெய்டு போன ஆளு அவுட்டும் இல்ல, திரும்பி வந்துட்டாருன்னும் சொல்ல முடியாது. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல பாருங்க."

"சாப்பிட வருவாரா?"

"தாராளமா வருவார். மூச்சு மட்டும் விடக் கூடாது. பாட்டு அறுந்தா அவுட்டு. அப்புறம் லீக்ல இடமில்ல."

அந்தப் பேச்சைச் செண்பகம் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தாள். அதில் தவறு எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு ஃபோனை வைத்துவிட்டு உலையில் அரிசி போட்டாள்.

சாயங்காலம் சுடலைமணி வீட்டுக்கு வந்தான். "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே செருப்பைக் கழற்றினான். பின்னால் கோட்டு நடுவர் தளவாய் கையில் சிவப்புக் கொடியோடு வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்கள். மைதானத்திலிருந்து வீடு வரை கோடு போட்டுக்கொண்டே வந்திருந்தார்கள். கோடு வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அடுப்படிச் சுவரில் போய் முடிந்தது.

"இனி இந்த வீடு எதிரணிப் பக்கம் மைனி," என்றார் தளவாய். "நீங்க எதிரணி. அவர் உங்களைத் தொட்டுட்டா நீங்க அவுட்டு. நீங்க அவரைப் பிடிச்சுட்டா அவர் அவுட்டு."

"தொடாம இருந்தா?"

"தொடாம இருந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. காப்பி இருக்கா? சக்கரை தூக்கலா. எதிரணிச் சக்கரைன்னு யோசிக்க மாட்டேன்."

அவள் காப்பி போட்டாள். தளவாய் அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அங்கேயேதான் இருந்தார்.

சுடலைமணியின் மேல் கொலை முயற்சி வழக்கு இருந்தது. அணி தங்கியிருந்த விடுதியில் ஜெபசீலி என்ற பெண் மாடிப்படியிலிருந்து உருண்டு விழுந்தாள். அவள் லீக்கின் ஸ்கோர் பலகையை இயக்குபவள். யாரோ தள்ளினார்கள் என்றாள். யார் என்று கேட்டதற்குச் சுடலைமணி என்றாள். அதைச் சொல்லி முடித்ததும் மருத்துவர்கள் அவள் தாடையைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். போலீஸ்காரர்கள் சுடலைமணியிடம் வாக்குமூலம் கேட்டார்கள். அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். கபடி கபடி என்று பல பக்கம் வந்தது. நீதிபதி முழுவதையும் படித்துவிட்டு ஜாமீன் கொடுத்தார்.

பாடுகிறவன் உட்காரக் கூடாது என்று தளவாய் சொல்லியிருந்தார். அதனால் சுடலைமணி நின்றபடியே சாப்பிட்டான். நின்றபடியே குளித்தான். மதியம் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றபடியே தூங்கினான். தூக்கத்திலும் உதடு அசைந்தது. தெரு சீக்கிரம் பழகிவிட்டது. பால்காரர் அவன் தாளத்துக்கு மணியடித்தார். எதிர் வீட்டுச் சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்பதை விட்டுவிட்டு அவனோடு சேர்ந்துகொண்டது. அந்த வீட்டம்மா வந்து, இப்போதுதான் அது சரியான நேரம் காட்டுகிறது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருநாள் மதியத் தூக்கத்தில் அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது. கண்ணுக்குள் இறங்கப் போனது. செண்பகம் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். தளவாய் மேலே விட்டத்தைப் பார்த்தார். அவள் துண்டை அவன் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். தொடவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியது. அவள் துண்டை மடித்துத் துணிக்கொடியில் போட்டாள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்ற வேண்டுமே என்று மட்டும் தோன்றியது.

அவனிடம் அவள் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. ஜாமீனில் வந்த நாளிலிருந்து அதைக் கொட்டைப்பாக்கு போலக் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தாள். அதை வைத்துக்கொண்டேதான் மாவரைத்தாள், துணி காயப்போட்டாள். கேட்டால் அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் பாட்டு அறுந்துவிடும். சின்ன வயதிலிருந்து அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஒருமுறை அவனுக்குச் சோறு போடும்போது அது உதடு வரை வந்துவிட்டது. தளவாயின் கொடி பாதி உயர்ந்தது.

"மைனி, ஏதோ கேக்க வாயெடுத்தீங்க."

"கொட்டாவி."

"அப்ப சரி." கொடி இறங்கியது. "அந்த ஜெபசீலிப் பிள்ளைக்கும் இப்ப கொட்டாவி விட முடியாதாம்ல. கம்பி இழுக்குமாம்."

ஜெபசீலி என்ற பெயர் காதில் விழுந்ததும் சுடலைமணியின் பாட்டு வேகமாயிற்று. கபடிகபடிகபடி என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. அவன் தட்டோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். செண்பகம் சாம்பார் ஊற்றப் போனாள். அவன் முதுகைப் பார்த்தபடி ஊற்றினாள். சாம்பார் தட்டு நிறைந்து, தரையில் இறங்கி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது. தளவாய் குனிந்து பார்த்து, "சாம்பார் அவுட்டு," என்றார்.

அடுத்த வாரம் எடை பார்க்கக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் லீக் அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலிலிருந்து செயலாளர் அறைக்குப் போகும் நடை, நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் ஒரு டீக்கடை இருந்தது. ஆளுக்கொரு டீ குடித்தார்கள். சுடலைமணி பாடிக்கொண்டே குடித்தான். டீக்கடைக்காரர், "தீர்ப்பு வந்திருச்சா?" என்றார். இல்லை என்றதும் இன்னொரு டீ போட்டார்.

குற்றாலிங்கம் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். சுடலைமணி ஏறினான். முள் ஆடி நின்றது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆளு சரியாத்தான் இருக்கார். குற்றச்சாட்டோட சேர்த்தா எண்பத்தஞ்சு கிலோவைத் தாண்டுது. தாண்டினா ஆட முடியாது. அம்மா, அதைக் கொஞ்சம் நீங்க பிடிச்சுக்கங்க."

அவர் சுடலைமணியின் தோளுக்குப் பின்னாலிருந்து எதையோ இறக்கி, ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் போட்டுச் செண்பகத்திடம் கொடுத்தார். முள் இறங்கியது. பையின் காது அவள் விரல்களை அறுத்தது.

"பாரமா இருக்கே சார்."

"கொஞ்ச நாளைக்குத்தான். தீர்ப்பு வரைக்கும்."

"இவர உக்கார வைக்கவே மாட்டீங்களா?"

குற்றாலிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று பெண்களுக்குத் தகப்பன்.

"நிரூபிக்காத ஆளை எப்படிம்மா உக்கார வைக்கிறது? யாரோ கைகாட்டினாங்கன்னு உக்கார வச்சா, நாளைக்கு நிரபராதின்னு வந்தா அந்த வருசத்தையெல்லாம் யாரு திருப்பித் தருவா? பாடிப் போறவனுக்கு முழங்கால் இருக்கிற வரைக்கும்தான் பொழப்பு. நீங்களே சொல்லுங்க, உங்க புருசன்தானே?"

அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. செண்பகம் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு?" என்றாள்.

"அதை உக்கார வச்சாச்சு."

"அவளையா?"

"வெளி பெஞ்சுல ஒரு ஆளாவது உக்காந்திருக்கணும்மா. பெஞ்சு காலியா இருந்தா ஆட்டம் செல்லாது. இவர் உக்காரலைன்னா வேற யாராவது உக்காரணும்ல? அதுக்குத்தான் வேலையும் இல்ல, வாயும் கட்டியிருக்கு. வசதியாப் போச்சு."

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அரங்கம் நிறைந்திருந்தது. ஒரு பாதி "தீர்ப்பு வரட்டும்" என்று எழுதிய பனியன் போட்டிருந்தது. மறுபாதி "உக்கார வை" என்று எழுதிய பனியன் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தினார்கள். இடையில் முறுக்குக்காரர் வந்தபோது நிறுத்திவிட்டு, சில்லறை இல்லாதவர்களுக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து கொடுத்து உதவினார்கள். பிறகு மறுபடி கத்தினார்கள்.

செண்பகத்துக்கு வேறு இடம் இல்லை. பையோடு வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். முகத்தைச் சுற்றிக் கம்பி. கையில் உறிஞ்சுகுழல் போட்ட டம்ளர். மடியில் ஒன்றும் இல்லை. ஆனால் விரல்கள் மடியைத் தட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தட்டு.

"நீதான் ஜெபசீலியா?"

"ம்." பல்லைத் திறக்காமலே பேசினாள். "நீங்க அவங்க வீடா?"

"ஆமா."

"இங்க உக்காராதீங்க. கால் மரத்துப் போவும்."

"உனக்கு?"

"எனக்கு எப்பவோ மரத்துருச்சுக்கா. ஜூஸ் குடிக்கீங்களா? சப்போட்டா. தினமும் அதே சப்போட்டாதான்."

செண்பகம் ஒரு வாய் உறிஞ்சினாள். இனிப்பாகத்தான் இருந்தது.

"ஸ்கோர் இப்ப யாரு போடுறா?"

"யாருமில்ல. பலகையைப் பாருங்க. அன்னைக்கு நின்னதுதான்." ஜெபசீலி பையைப் பார்த்தாள். "அது என்னோடதுல்லா? எதுக்குக்கா நீங்க தூக்கிட்டுத் திரியிதீங்க?"

"உன்னோடதா?"

"நான்தானே சொன்னேன். குடுங்க பாப்போம்."

அவள் பையை வாங்கித் திறந்தாள். உள்ளே ஒரு மாடிப்படி மடித்து வைத்திருந்தது. ஜெபசீலி சேலையை உதறுவது போல அதை உதறி விரித்தாள். படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெஞ்சுக்கு முன்னால் இறங்கின. கீழ்ப்படியில் இரண்டு பற்கள் கிடந்தன. மேல்படியில் இரண்டு கால்கள் நின்றன. கால்கள் மட்டும். இடது சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருந்தது. கல்யாணமான புதிதில் அந்த விரலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டவள் செண்பகம்.

தளவாய் கொடியோடு ஓடி வந்தார்.

"மைனி, அதெல்லாம் பாக்கக் கூடாது. அது குற்றச்சாட்டுதான். தீர்ப்பு இல்ல."

"கால் அவரோடது."

"கால் அங்க நின்னா ஆச்சா? தள்ளினது கையில்லா? கை இருக்கா, பாருங்க."

செண்பகம் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். கை இல்லை.

"கை கோர்ட்டுல இருக்கு," என்றார் தளவாய். "அங்கதான் பாப்பாங்க. நாள் ஆகும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் இந்தப் பிள்ள உக்காந்திருக்கும்."

ஜெபசீலி படிகளை மறுபடி மடித்தாள். நன்றாக மடிக்கத் தெரிந்திருந்தது. பற்களை எடுத்து மேலே வைத்தாள். எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் வரவில்லை. தொடையைக் கையால் குத்தினாள். பெஞ்சைத் தட்டும் சத்தம் கேட்டது. அவள் இடுப்பிலிருந்து கீழே பெஞ்சின் பலகை நிறம் ஏறியிருந்தது. அவளுக்கு அது புதிதாகத் தெரியவில்லை. விரல்கள் மடியைத் தட்டத் தொடங்கின.

செண்பகம் தன் கால்களைப் பார்த்தாள். பாதத்தில் லேசாக அந்த நிறம் தெரிந்தது. அவள் எழுந்தாள். எழ முடிந்தது.

மைதானத்தில் சுடலைமணி எதிரணிக்குள் ஆடிக்கொண்டிருந்தான். எதிரணிக்காரர்கள் யாரும் அவனைத் தொடவில்லை. தொடுவது விசாரணையில் தலையிடுவதாகும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கை கோத்து ஓரமாக நின்று முறுக்கு தின்றார்கள். அவன் தனியாகக் காலை வீசினான், திரும்பினான், குனிந்தான். உதடு வெடித்திருந்தது. பாட்டு இப்போது எழுத்தாகக்கூட இல்லை. ஊதல் மாதிரி வந்தது.

அவள் கோட்டருகே போனாள்.

"மைனி, கோட்டைத் தாண்டாதீங்க," என்றார் தளவாய்.

"தாண்டல."

"கொட்டாவியா?"

"இல்ல."

கொடி முழுவதும் உயர்ந்தது. அரங்கத்தின் இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் அடங்கின. மேடையில் குற்றாலிங்கம் எழுந்து நின்றார். எங்கோ தூரத்தில், எதிர் வீட்டுக் கடிகாரம் மட்டும் ஓடியது.

சுடலைமணி அவளைப் பார்த்தான். பாடிக்கொண்டேதான் பார்த்தான். என்ன கேட்கப் போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது போலிருந்தது. செஞ்சீங்களா என்று கேட்பாள் என்று நினைத்திருப்பான். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னங்க," என்றாள் செண்பகம். "செஞ்சீங்களா இல்லையான்னு நான் கேக்கல. அதக் கோர்ட்டுல கேக்கட்டும், எத்தன நாள் ஆனாலும். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். யாரும் சொல்லாம, நீங்களா அந்த மூச்ச விட்டுட்டு வந்து இந்தப் பெஞ்சுல உக்காருங்க. நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன். இந்தப் பிள்ள எந்திரிக்கட்டும்."