ரஞ்சனி ஏறிய பலா

யானைக்குப் பயந்து ஏறுவதற்குச் சேரங்கோட்டில் மரத்துக்கா பஞ்சம்? அத்தனையையும் விட்டுவிட்டு ரஞ்சனி போய் ஏறினது பழம் பழுத்துத் தொங்குகிற பலாமரத்தில். இரண்டாவது கவட்டையில் காலை மடக்கி உட்கார்ந்த பிறகுதான் அந்தப் புத்தியே அவளுக்கு வந்தது. வந்து என்ன புண்ணியம்? மூடுபனிக்குள்ளிருந்து மொட்டைவாலன் என்கிற யானை வெளியே வந்துவிட்டது.

மணி ஏழுகூட ஆகவில்லை. யானை நின்ற இடம் அவள் வீட்டு வாசலுக்கும் மரத்துக்கும் நடுவில். வீட்டுக்குள் ஓட வழியில்லை. இருபது தப்படி தள்ளி, தேயிலைக்கு நடுவே நிற்கிற சில்வர் ஓக் மரத்தில் அவள் புருஷன் பாலு ஏறியிருந்தான். மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணியை எடுத்து வரப் போனவன், யானையைக் கண்டதும் அதே ஏணியில் ஏறிவிட்டான். அவன் ஏறின வேகத்தில் ஏணி சரிந்து தேயிலைக்குள் விழுந்து கிடந்தது.

இந்த இரண்டு மரத்தை வைத்துப் புருஷனும் பெண்டாட்டியும் போட்ட சண்டையை எழுதினால் ஒரு நோட்டு தீரும். பாலுவுக்கு எஸ்டேட்டில் நிழல் மரங்களுக்குக் கிளை கழிக்கிற வேலை. மழைக்கு முன்னால் சில்வர் ஓக்கைக் கழித்துவிட்டால்தான் தேயிலைக்கு வெளிச்சம் விழும். அவனுக்கு அந்த மரம் என்றால் உசிர். "நேரா வளருது, மிளகுக் கொடி ஏறுது, உதிர்ந்த இலை செடிக்கு உரமாகுது, பத்துப் பதினஞ்சு வருஷத்துல பலகைக்கு ஆகுது. முக்கியமா, ஆனை அத ஏறெடுத்தும் பாக்காது" என்பான்.

"அதத் திங்க முடியுமா? அவிக்க முடியுமா?" என்பாள் ரஞ்சனி. "எம் பலாவப் பாருங்க. பிஞ்சுல கறி, பழுத்தா பழம், கொட்டையச் சுட்டா சாயங்காலத் தீனி, இலைய ஆடு திங்குது, மரம் கதவுக்கு ஆகுது. தண்ணி ஊத்துனேனா, உரம் வச்சேனா? அடியில தண்ணி தேங்காமப் பாத்துக்கிட்டாப் போதும், அது பாட்டுக்குக் காய்க்குது. உங்க சில்வர் ஓக்கு வருஷா வருஷம் முடி வெட்டச் சொல்லுது."

பேச்சில் அவளை ஜெயிக்க முடியாது. ஆனால் யானை பேச்சு கேட்டா வருகிறது?

போன வருஷம் மொட்டைவாலன் ரேஷன் கடைச் சுவரை இடித்ததற்குப் பிறகு எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோரும் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். பலாவைப் பிஞ்சிலேயே வெட்டிவிட வேண்டும், ஒன்றுகூடப் பழுக்கக் கூடாது. ரஞ்சனியும் தலையாட்டினாள். முப்பது பிஞ்சை வெட்டவும் வெட்டினாள். அடிமரத்தோடு ஒட்டி நாலு, அதற்கு மேலே ஒன்று, ஆக ஐந்தை மட்டும் விட்டுவைத்தாள். கோயமுத்தூரில் நர்ஸிங் படிக்கிற மகள் ராஜப்ரியா இன்றைக்குச் சாயங்கால பஸ்ஸில் லீவுக்கு வருகிறாள். ஹாஸ்டல் சோற்றைத் தின்று நாக்குச் செத்துப்போன பிள்ளைக்கு ஒரு பழம் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? வாசம் வெளியே போகாமலிருக்க ஐந்துக்கும் யூரியாச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். யானை மூக்குக்கு யூரியாச் சாக்கு! கேட்டால் சிரிக்கத் தோன்றும். மரத்து மேலே உட்கார்ந்திருந்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

யானை அவசரமே படவில்லை. தும்பிக்கையால் முதல் சாக்கைத் தடவிப் பார்த்தது. பர்ரென்று ஒரு இழுப்பு. சாக்கோடு பழம் கீழே விழுந்தது. காலால் மெதுவாக ஒரு மிதி. பழம் பிளந்து வாசம் மேலே வந்தது. முருகா, முருகா என்று ரஞ்சனியின் உதடு மட்டும் அசைந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பல் அடித்துக்கொள்கிற சத்தம் அதற்குக் கேட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

இரண்டாவது போனது. மூன்றாவது. ஒவ்வொரு இழுப்புக்கும் மரம் ஆடியது. பலா ஒடிகிற மரமில்லை, ஆணிவேர் ஆழமாகப் போகிற மரம் என்று அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது அதை நம்புவதற்குத் தைரியம் வரவில்லை. பட்டையிலிருந்து வடிந்த பால் உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. கை வழுக்காமல் இருந்ததே அதனால்தான்.

நாலாவதும் போயிற்று. யானை தலையைத் தூக்கியது. ஐந்தாவது பழம் ரஞ்சனியின் பாதத்துக்கு ஒரு சாண் கீழே தொங்கியது. தும்பிக்கை நுனி மேலே ஏறி வந்தது. ஈரமான சூட்டு மூச்சு அவள் கணுக்காலில் பட்டது. காலை இழுத்துக்கொண்டாள். அவளையும் அறியாமல் தொண்டையிலிருந்து ஒரு விம்மல் கிளம்பிவிட்டது.

அந்தப் பக்கம் பாலுவுக்குப் பொறுக்கவில்லை. "ஏய்! ஏய்! இந்தப் பக்கம் பாருடா!" என்று கத்திக்கொண்டே எட்டி நின்று கையை ஆட்டினான். நின்றது எதில்? போன வாரம் அவனே கழித்து விட்ட கிளையின் மொட்டைக் கட்டையில். சில்வர் ஓக் கிளையை நம்பி முழுப் பாரத்தையும் வைக்காதே என்று புதிதாக வேலைக்கு வருகிற அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுப்பவன் அவன். பெண்டாட்டியின் விம்மல் கேட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. கட்டை மடக்கென்று ஒடிந்தது. பாலு தேயிலைச் செடி மேலே விழுந்து, அங்கிருந்து உருண்டு தரையில் கிடந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். இடது கால் ஒத்துழைக்கவில்லை.

மொட்டைவாலன் திரும்பியது. காது இரண்டும் விரிந்தன.

"ஐயோ, எந்திரிங்க! ஏங்க, எந்திரிங்க!" ரஞ்சனி அலறினாள். அவன் கையை ஊன்றிப் பின்னாலேயே நகர்ந்தான். யானை அவனைப் பார்த்து நடந்தது. இருபது தப்படி தூரம் யானைக்கு எம்மாத்திரம்?

அவளிடம் இருந்தது ஒரே ஒரு பழம். தள்ளிவிட்டால் அதன் வாசத்துக்கு யானை திரும்பும். ஆனால் மரத்தடியிலிருந்து ஒற்றையடிப் பாதை செங்குத்தாக இறங்குகிறது. விழுகிற எதுவும் அந்தப் பாதையில்தான் உருளும். பாதை முடிகிற இடத்தில் கீழ்வீட்டு சுகுணாவின் அடுப்படி. அந்த ஓட்டுக்கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சுகுணா உள்ளேதான் இருக்கிறாள். ரஞ்சனிக்குப் பிரசவ வலி எடுத்தபோது நடு மழையில் ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்த சுகுணா.

"சுகுணாக்கா! ஆனை! அடுப்படிய உட்டு வெளிய ஓடுங்க! சுகுணாக்கா!"

பதில் இல்லை. புகை மட்டும் வந்தது.

"அக்கா! கேக்குதா? ஒரு சத்தம் குடுங்கக்கா!"

யானைக்கும் பாலுவுக்கும் நடுவே இப்போது இரண்டு வரிசைத் தேயிலைதான். பாலு கண்ணை மூடிக்கொண்டான். அவன் கண்ணை மூடியதை அவள் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் யோசிக்கவில்லை. குதிகாலால் காம்பில் ஓங்கி ஓங்கி மிதித்தாள். மூன்றாவது மிதிக்குக் காம்பு முறிந்தது.

பழம் தொப்பென்று விழுந்து, உருண்டு, பாதைக் கல்லில் மோதிப் பிளந்தது. பிளந்ததோடு நிற்கவில்லை, பாதி கீழே கீழே போய் அடுப்படிச் சுவரில் முட்டி நின்றது. யானை நின்றது. தும்பிக்கையைத் தூக்கி மோந்தது. அத்தனை பெரிய உடம்பு எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் திரும்பியதோ, பாதையில் இறங்கிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் சுவர் இடிகிற சத்தம் கேட்டது. ஓடுகள் சடசடவென்று சரிந்தன. மனுஷக் குரல் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

லைனில் தகரம் தட்டத் தொடங்கினார்கள். யாரோ வெடி போட்டார்கள். மொட்டைவாலன் ஓடையைத் தாண்டிப் போகிறது என்று ஆட்கள் கத்தின பிறகுதான் ரஞ்சனியால் இறங்க முடிந்தது. இறங்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்பதே சரி. பாலு உட்கார்ந்தபடியே, "எனக்கு ஒண்ணுமில்ல, கால்தான். நீ போ, அக்காவப் பாரு!" என்று கத்தினான். வெறுங்காலோடு பாதையில் ஓடினாள். தான் ஒரு ஆளைக் கொன்றுவிட்டோம் என்றே அவள் மனசு முடிவு கட்டியிருந்தது.

அடுப்படி இல்லை. செங்கல்லும் ஓடும் குவிந்து கிடக்க, குவியலுக்கடியில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. "அக்கா! அக்கா!" என்று கல்லைக் கையால் வாரி வாரிப் போட்டாள்.

"இங்க இருக்கேன். உன் சத்தம் கேட்டுப் பின்பக்கமா ஓடுனேன், ஆனைக்குப் பயந்து பதில் குடுக்கல."

குழாயடிப் பக்கத்திலிருந்து சுகுணா வந்தாள். உடம்பு முழுக்கத் தூசி. கையில் டீ வடிகட்டி. அதை ஏன் தூக்கிக்கொண்டு ஓடினோம் என்று அவளுக்கே தெரியாது.

ரஞ்சனி அவள் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்க்கா. அஞ்சு பழத்த ஒளிச்சு வச்சேன். அவரு கீழ விழுந்துட்டாரு. உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையான்னு தெரியாமயே கடைசிப் பழத்தத் தள்ளிட்டேன். தெரிஞ்சேதான்க்கா தள்ளுனேன்."

சுகுணாவின் முகம் மாறியது. வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையை ஓங்கினாள். ரஞ்சனி முகத்தைத் திருப்பவில்லை, அடி விழட்டும் என்றே காத்திருந்தாள். ஓங்கின கை அப்படியே நின்றது. பிறகு தானாக இறங்கியது.

"உன்னைய அடிக்க எனக்கு என்னடி யோக்கியத இருக்கு?" என்று சுகுணாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாசம் ஒரு வாரமா எங்க ஊடு வரைக்கும் வந்துச்சு. கூட்டத்துல சொல்லலாம்னுதான் நெனச்சேன். உன் பிள்ள வந்ததும் நீ எனக்கும் நாலு சுளை குடுத்தனுப்புவியேன்னு வாய மூடிக்கிட்டேன்."