கம்பத்துக்குக் கீழே மட்டும் துரு

இரண்டு வருடமாக நான் தங்கச்சி வீட்டுப் பக்கம் போகவில்லை. காரணம் ஒரு வாளி.

தகரக் கூரை போடுவது என் தொழில். தங்கச்சி வீட்டுக்கும் நான்தான் போட்டேன். மூன்றாம் மாதமே ஹாலில் ஒழுகியது, அவள் வாளி வைத்தாள். விருந்தாளிகள் நிறைந்திருந்த ஒரு நாளில் மாப்பிள்ளை, "மச்சான் கூரையோட வாளியும் சேத்துக் குடுத்திருக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "அண்ணா, ஒரு தடவை ஏறிப் பாரேன்" என்று தங்கச்சி கெஞ்சினாள். நானாவது ஏறுவதாவது! என் வேலையைப் பழித்தவர் கூரையில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வந்தவன் வந்தவன்தான். அவளைப் பார்க்காமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. வீம்பு விடவில்லை.

போன வாரம் அவளே போன் செய்தாள்.

"அண்ணா, தகரத்துல துரு எங்கேருந்து ஆரம்பிக்கும்னு அவர் கேக்கச் சொன்னார்."

"ஏன், அவர் வாய் துருப்பிடிச்சுப் போச்சா? அவரே கேக்கறது."

"நேர்ல வந்து சொல்லணுமாம். வாண்ணா, எனக்காக."

குரல் கம்மியது. அந்தக் குரலிடம் நான் என்றைக்குமே தோற்றவன். பதிலைச் சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவது என்று போனேன்.

மாப்பிள்ளைக்கு மருந்துக் கடையில் வேலை, மனசு முழுக்க ரயிலில். பின்னறையை அடைத்துக்கொண்டு ஒரு மேஜை. அதன்மேல் பொம்மை ரயில்: விரல் நீளப் பெட்டிகள், தண்டவாளம், ஸ்டேஷன், உள்ளங்கை அளவு வீடுகள். குடும்பத்தில் அவருக்குப் பட்டப்பெயரே ஸ்டேஷன் மாஸ்டர். ஹாலைத் தாண்டும்போது அந்த வாளி அதே இடத்தில் இருந்தது, வெளியே வெயில் கொளுத்தியும். பார்க்காதது போல நடந்தேன்.

"வாங்க மச்சான்" என்றவர், என் முகத்தைப் பார்க்காமல் எஞ்சின் ஷெட்டின் கூரையைக் கழற்றிக் கையில் கொடுத்தார். சாம்பல் பூச்சின்மேல் துரு நிறத்தைப் பஞ்சால் ஒற்றியிருந்தார்.

"என்ன மாப்ள, கூரைக்கு அம்மை போட்டிருக்கு?"

பேசவே கூடாது என்று வந்த வாய்! தொழில் என்று வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. பிரஷை வாங்கிக்கொண்டேன்.

"துரு கண்ட இடத்துல வராது. ஆணி அடிச்ச இடம், தகடு வெட்டின ஓரம், ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடம். அங்கேருந்து கீழ இறங்கும். தண்ணி போற வழியிலதான் துருவும் போகும்."

அவர் தலையாட்டினார். அப்போதுதான் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த வீட்டைப் பார்த்தேன். அதே நீல ஜன்னல், அதே இரண்டு படி. தங்கச்சி வீடு! கூரையில் பதினோரு தகடு. நான் போட்டதும் பதினொன்றுதான். எல்லாத் தகட்டிலும் மெல்லிய அழுக்குக் கோடுகள் ஒழுங்காக இறங்கியிருக்க, டிவி டிஷ் கம்பத்துக்குக் கீழே மட்டும் துரு திட்டாக அப்பியிருந்தது.

"இங்க மட்டும் ஏன் இவ்வளவு பூசினீங்க?"

"நான் பூசல மச்சான்." அவர் குரல் இறங்கியது. "பழசா தெரியணும்னு சாயத்தைத் தண்ணியாக் கரைச்சு உச்சியிலேருந்து விடுவேன். மழை மாதிரி அதுவா ஓடும். இந்தக் கம்பத்துக்கிட்ட மட்டும் தேங்கி நின்னுச்சு. அப்புறம் பாருங்க..."

கூரையைத் தூக்கினார். உள்ளே, அட்டையில் செய்த ஹாலின் தரையில் ஒரு பழுப்புக் கறை. வாளி இருக்கிற அதே இடம்.

நிஜ வீட்டில் அந்தக் கம்பம், நான் வேலை முடித்துப் போன பிறகு அவரே ஏறி முடுக்கியது. இந்தத் தகட்டில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். ஓட்டை போடுவதானால் மேட்டில் போட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். பொம்மைக் கம்பம் பள்ளத்தில் நின்றது. உள்ளதை உள்ளபடியே செய்திருக்கிறார் மனுஷன்.

"தெரிஞ்சு மூணு வாரமாச்சு மச்சான். சொல்ல வாய் வரல. தப்பு என்னோடது. அத்தனை பேர் முன்னாடி உங்களைப் போய்..." கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இந்த நாளுக்காக இரண்டு வருடமாக வசனம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பொம்மைக் கம்பத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். கம்பம் இருப்பது தெருவிலிருந்தே தெரியும். அதை எங்கே முடுக்கியிருக்கிறார் என்பது மேலே ஏறினால்தான் தெரியும். ஏறியிருந்தால் ஐந்து நிமிடம். ஐந்து நிமிட வேலைக்காக இரண்டு வருடம் தங்கச்சியைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"நான் ஏறிப் பாத்திருக்கணும் மாப்ள."

அவர் ஈரத் துணியை எடுத்தார். "இந்தத் துருத் திட்டைத் துடைச்சிடறேன்."

"இருக்கட்டும். நிஜத் துரு தோத்துடும், அவ்வளவு நல்லா வந்திருக்கு. நாளைக்குக் காலைல சாமானோட வர்றேன்."

ஹாலில் தங்கச்சி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருப்பாள், கண் சிவந்திருந்தது. பெரிய மனுஷத் தோரணையில் குனிந்து வாளியைத் தூக்கினேன். வெடுக்கென்று பிடுங்கித் திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"மொதல்ல ஏறி அடை. அப்புறம் எடுக்கறேன். உங்க ரெண்டு பேரையும் நம்பி ரெண்டு வருஷம் தண்ணி கொட்டியாச்சு."

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

"ஏணி எங்க மாப்ள? அடைக்கிறது நாளைக்கு, இன்னைக்கு ஏறியாவது பாக்கறேன்" என்றேன்.

அவர் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்தார். தங்கச்சியும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, ஏறினேன்.