ஸ்டாண்ட் இல்லாத வண்டி

தன் காருக்கு ஹெட்டர் மாட்டித் தர முடியுமா என்று சந்திரசேகர் போனில் கேட்டதும் கேத்தரின் சரி என்று சொல்லிவிட்டாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சம்மதிப்பாள் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காம வரேங்கிறியே, அதுவே பெரிய விஷயம்மா," என்றான்.

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சுண்ணே. ஞாயித்துக்கிழமை காலையில வந்துடறேன்."

அவள் போனை வைத்தாள். நாலு வருஷமாக இந்த அழைப்புக்குத்தான் காத்திருந்தோமோ என்று தோன்றியது.

கேத்தரினுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. லீவு நாட்களில், கார் பைத்தியம் பிடித்தவர்களின் வீட்டு ஷெட்டுக்கே போய், கம்பெனிக்காரன் கொடுத்த குழாயைக் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டிக் கொடுப்பாள். என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் நாலு குழாய்க் கூட்டத்துக்குத்தான் ஹெட்டர் என்று பெயர். அதை மாற்றினால் வண்டி கொஞ்சம் வேகமாக மூச்சுவிடும், சத்தமும் கனமாகும். முன்பெல்லாம் இந்த வேலைக்கு அவளும் அண்ணன் அருள்ராஜும் சேர்ந்துதான் போவார்கள். இப்போது அவள் மட்டும்.

அருள்ராஜின் இடுப்பு நொறுங்கியது சந்திரசேகரின் ஷெட்டில்தான். அன்றைக்குக் கேத்தரினுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட். அண்ணன் தனியாகப் போய் காருக்கடியில் படுத்திருந்தபோது வண்டி அவன் மேல் இறங்கியது. தலையிலும் அடி. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அந்த நாளே அவன் நினைவில் இல்லை. என்ன நடந்தது என்று சொல்ல இருந்தவன் சந்திரசேகர் ஒருவன்தான்.

"குடிச்சிட்டு வந்திருந்தான். இன்னைக்கு வேணாம்டான்னு சொன்னேன், கேக்கல. வண்டிக்கு முட்டுக்கொடுத்திருந்த ஸ்டாண்டை அவனே காலால உதைச்சுத் தள்ளிட்டான்."

யாரும் சந்தேகப்படவில்லை. அருள்ராஜைக் கொண்டுவந்து இறக்கியபோது அவன் சட்டையில் பிராந்தி வாடை குப்பென்று அடித்தது. டாக்டர் முகர்ந்தார், போலீஸ்காரர் முகர்ந்தார், அருள்ராஜுக்கு நிச்சயம் செய்திருந்த பெலிண்டாவின் அப்பாவும் பக்கத்தில் நின்று முகர்ந்தார். அருள்ராஜ் ஒரு காலத்தில் குடித்துக்கொண்டிருந்தவன்தான். பெலிண்டாவுக்காக விட்டிருந்தான். அவள் வீட்டார் மோதிரத்தை ஆள் மூலம் திருப்பி அனுப்பினார்கள். துவாக்குடி கம்பெனியில் அவன் பார்த்துவந்த வேலையும் போயிற்று.

இது எல்லாவற்றையும் விட, அருள்ராஜே அந்தக் கதையை நம்பியதைத்தான் கேத்தரினால் தாங்க முடியவில்லை. "என் புத்தி எனக்குத் தெரியாதா? குடிச்சிருப்பேன்," என்பான். ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்தினான். கண்ணாடி பார்ப்பதை நிறுத்தினான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நாள் முழுவதும் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தான். அண்ணன் குடித்திருக்க மாட்டான் என்று கேத்தரின் மட்டும் நம்பினாள். அதற்கு அவளிடம் சாட்சி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உறையூரில் வேலை என்று அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போகும்போதே, என்ன செய்யப்போகிறோம் என்பது அவளுக்குத் தெளிவாக இருந்தது. உள்பக்கத்து நட்டுகளைப் பாதி முறுக்கோடு விட்டுவிடுவாள். கொஞ்ச நாளில் அவை ஆடித் தளரும். சூட்டுப் புகை வயரிங் பக்கம் பாயும். சென்னை ரோட்டில் எங்காவது அவன் ஆசை ஆசையாக வளர்க்கும் கார் தீப்பிடித்து எரியட்டும். அவன் ஓரமாக நின்று பார்க்கட்டும்.

ஸ்ரீரங்கத்தில் சந்திரசேகரின் வீடு கொள்ளிடம் பக்கம் இருந்தது. மலைக்கோட்டைக்குக் கீழே மொத்த ஜவுளி வியாபாரம் செய்யும் குடும்பம். வீட்டை ஒட்டிய ஷெட்டில் அவனுடைய பழைய வெள்ளை ஹோண்டா சிட்டி பளபளவென்று நின்றது. புது ஹெட்டர் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, ஒரு துண்டின் மேல் குழந்தை மாதிரி படுக்க வைக்கப்பட்டிருந்தது.

"அடுத்த வாரம் எங்க கார் கிளப் மீட்டிங். நானே மாட்டினேன்னு சொல்லிக்கணும்," என்று சிரித்தான். "கொஞ்சம் வீடியோ எடுத்துக்கறேன்."

கேத்தரின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்ட் கொடுத்தாள். கை போக இடம் வேண்டும் என்று முன் சக்கரங்களைக் கழற்றினாள். ரேடியேட்டர் ஃபேனையும் எடுத்தாள். பழைய குழாயின் நட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. எண்ணெய் அடித்து, ஊறவிட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பினாள். ஒரு நட்டு திருகாணியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவன் போனைப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்தான்.

சந்திரசேகர் டீ குடிக்க உள்ளே போயிருந்த நேரத்தில் அவன் மனைவி நிஷா காபி கொண்டுவந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்தே கார் என்றால் அவளுக்கு எரிச்சல்.

"பார்த்து வேலை செய்ம்மா. அந்த ஸ்டாண்ட் நல்லா இருக்குல்ல?"

"ஸ்ட்ராங்கான ஸ்டாண்டுதான்க்கா."

"இருக்கணுமே. உங்க அண்ணனுக்கு அப்படி ஆனதுக்கப்புறம்தான் இதையே வாங்கினாரு. நான்தான் கல்யாணமாகி வந்ததும் சண்டை போட்டு வாங்க வச்சேன். அதுக்கு முன்னாடி வெறும் ஜாக்கியிலதானே எல்லாம் நடக்கும்."

கேத்தரின் காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு முன்னாடி ஸ்டாண்டே கிடையாதாக்கா?"

"ஏது?" என்றாள் நிஷா. தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

இல்லாத ஸ்டாண்டை அருள்ராஜ் எப்படி உதைத்திருப்பான்? கேத்தரின் அந்த ஸ்டாண்டைத் தொட்டுப் பார்த்தாள். நட்டைத் தளர விடும் யோசனை அவளுக்கு இப்போது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. கார் எரிந்தால் அவன் வேறு கார் வாங்குவான்.

சந்திரசேகர் திரும்பி வந்தபோது அவள் முகம் சாதாரணமாக இருந்தது. பழைய குழாயை வெளியே எடுத்தாள். புகை கசியாமலிருக்கப் புது கேஸ்கெட் வைத்து, ஹெட்டரைக் கீழேயிருந்து நுழைத்து, மேலே என்ஜினின் திருகாணிகளில் உட்கார வைத்தாள். எல்லா நட்டுகளையும் முழு முறுக்கோடு இறுக்கினாள்.

"அடியில சைலன்சரோட சேர்ற மூணு போல்ட் பாக்கிண்ணே. அதை நீங்க போடுங்க. நான் வீடியோ எடுக்கறேன். நீங்களே மாட்டின மாதிரி இருக்கும்."

அவனுக்கு அது பிடித்துப்போனது. பழைய டீ-ஷர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஸ்பானரோடு மல்லாந்து, மார்பு வரைக்கும் காருக்கடியில் நகர்ந்தான். தொப்பை கொஞ்சம் இடித்தது. மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"சரியா தெரியுதா?"

"சூப்பரா தெரியுதுண்ணே. கொஞ்சம் தூக்கினா இன்னும் வசதியா இருக்கும், இருங்க."

அவள் ஜாக்கியை உருட்டிவந்து நடுவில் கொடுத்து அழுத்தினாள். வண்டி கொஞ்சம் எழும்பியது. இடது ஸ்டாண்டை இழுத்தாள். சுற்றிப்போய் வலது ஸ்டாண்டையும் இழுத்தாள். இரண்டையும் ஷெட்டின் மூலைக்கு உதைத்துத் தள்ளினாள். சிமெண்டுத் தரையில் இரும்பு உருளும் சத்தம் கேட்டு, அடியிலிருந்து கேட்டான்:

"என்னம்மா சத்தம்?"

"ஸ்டாண்டை எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

கேத்தரின் ஜாக்கியின் கைப்பிடியை மெல்லத் திருப்பினாள். எண்ணெய் சீறியது. வண்டி இறங்கியது. குறுக்கு இரும்பு அவன் மார்பைத் தொட்டதும் நிறுத்தினாள். ஸ்பானர் அவன் கையிலிருந்து நழுவியது. நகரப் பார்த்தான், முடியவில்லை.

"கேத்தரின்! ஏய்! விளையாடாத!"

"எங்க அண்ணன் மேல எப்படி இறங்குச்சுன்னு சொல்லுங்க."

"அதான் சொன்னேனே... ஸ்டாண்டை..."

"உங்ககிட்ட அப்ப ஸ்டாண்டே இல்ல."

அவள் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். நினைத்ததைவிட அதிகமாகத் திரும்பிவிட்டது. வண்டி குபுக்கென்று இறங்க, அவன் நெஞ்சிலிருந்து காற்று வெளியேறும் சத்தம் கேட்டது. அவள் பதறித் திருகி நிறுத்தினாள். ஆனால் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னொரு முறை கேட்க வேண்டும் போலிருந்தது. கை கைப்பிடியிலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும், ஜாக்கி நழுவிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவனும் அப்படி ஒரு கதைதானே சொன்னான்.

வேண்டாம், அண்ணன் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஒரு கையால் போனை எடுத்து அருள்ராஜைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டு, போனைச் சந்திரசேகரின் தலைப்பக்கம் தரையில் தள்ளிவிட்டாள்.

"கேத்தி? வேலை முடிஞ்சுதா?" அருள்ராஜின் குரல் காருக்கடியில் எதிரொலித்தது.

"அண்ணா, சந்துருண்ணன் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம். கேளு. சொல்லுங்கண்ணே."

"அருளு... அருளு, இவளை வண்டியைத் தூக்கச் சொல்லுடா..."

"முதல்ல சொல்லுங்க," என்றாள் கேத்தரின்.

அவன் துண்டு துண்டாகச் சொன்னான். ஸ்டாண்ட் இல்லை, ஜாக்கி மட்டும்தான். அருள்ராஜ் கட்டையாவது கொடுடா என்று கேட்டிருக்கிறான். சந்திரசேகர்தான் பாட்டு மாற்றப் போகும்போது ஜாக்கியின் கைப்பிடியில் இடறினான்.

பிறகு அருள்ராஜ் கேட்டான்.

"அப்ப என் சட்டையில எப்படிடா அந்த வாடை வந்துச்சு?"

சந்திரசேகர் அழ ஆரம்பித்தான்.

"சொல்லுடா."

"பயந்துட்டேன்டா. போலீஸ் வரும்னு... உள்ள போய் பாட்டிலை எடுத்துட்டு வந்தேன். உன் மேல ஊத்தினேன். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினேன்."

"வண்டியைத் தூக்குறதுக்கு முன்னாடியா, அப்புறமாடா?"

சந்திரசேகர் விசும்பலோடு சொன்னான்.

"முன்னாடி."

அண்ணன் நசுங்கிக் கிடக்க, இவன் வீட்டுக்குள் போய் அலமாரியைத் திறந்திருக்கிறான். கேத்தரினின் விரல்கள் கைப்பிடியில் மறுபடி இறுகின.

"கேத்தி," என்றான் அருள்ராஜ். "அவன் எங்க இருக்கான்?"

"வண்டிக்கடியில."

"ஸ்டாண்ட் இருக்கா?"

"இல்ல."

அருள்ராஜ் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. அவனும் யோசிக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தூக்கு," என்றான் கடைசியில். "அவன் செத்துட்டா இதை யாருகிட்டயும் சொல்ல மாட்டான். தூக்கு கேத்தி."

அவள் ஜாக்கியை அழுத்தினாள். சந்திரசேகர் கால்களை உந்தி உந்தி வெளியே வந்தான். டீ-ஷர்ட்டில் குறுக்கே ஒரு கருப்புக் கோடு. எழுந்ததும் முதலில் கத்தியது போலீசைக் கூப்பிடுவேன் என்றுதான்.

"கூப்பிடுங்க," என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

நிஷா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியவில்லை.

"கூப்பிடுங்க. நானும் கேட்டதைச் சொல்றேன். கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு குடிகாரனால வண்டி வீணாப் போச்சுன்னு என்கிட்டயும் சொன்னீங்கல்ல?"

அவன் யாரையும் கூப்பிடவில்லை.

அன்று மாலையே நிஷா அவனைக் காரில்லாமல் ஆட்டோவில் பொன்மலைக்குக் கூட்டிவந்தாள். அவன் அருள்ராஜின் கட்டில் முன்னால் நின்று எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். பங்குச் சாமியாரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். கேத்தரின்தான் எல்லோரையும் வரவழைத்திருந்தாள். மன்னித்துவிடு என்று அவன் கைகூப்பியபோது அருள்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாள் ஊன்றுகோலோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்தான். கேஸ் நடக்கும், நடக்காமலும் போகலாம். கார் கிளப்பில் யாரும் சந்திரசேகரைக் கூப்பிடுவதில்லை. முன் சக்கரங்கள் இல்லாமல் அந்த வெள்ளைக் கார் ஷெட்டிலேயே கிடக்கிறது என்று கேள்வி.

பெலிண்டாவுக்குக் கல்யாணமாகி, கோயம்புத்தூரில் ஒரு குழந்தையோடு இருக்கிறாள். அவளுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் போனில் கூப்பிட்டு, பேசாமல் அழுதுவிட்டு வைத்தாள்.

அருள்ராஜ் இத்தனை நாள் வளரவிட்டிருந்த தாடியை எடுத்தான். வெளியே போக ஆரம்பித்தான். ஆனால் கேத்தரினிடம் மட்டும் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், கேட்டால் பதில் சொல்வான், அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் அவள் தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"என் மேல என்ன கோவம் உனக்கு?"

அவன் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"கோவம் இல்ல. போன்ல அவன் மூச்சு வாங்கினான்ல, அந்த சத்தத்தைக் கேட்டதும் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு. இடுப்பு மேல இரும்பு, வாயில ரத்தம், எல்லாம். இத்தனை வருஷம் அது தெரியாம இருந்தது ஒண்ணுதான் எனக்கு நல்லதா இருந்துச்சு கேத்தி. இப்ப கண்ணை மூடினா அதுதான்."

கேத்தரின் அவன் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். அவன் கையைப் பிடித்தாள். அவன் விலக்கவில்லை.

"அப்படிப் பண்ணினதுக்கு வருத்தப்படறியா?" என்று கேட்டான்.

அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

"உனக்காக வருத்தமா இருக்கு. அவனுக்காக இல்ல."

அருள்ராஜ் தலையாட்டினான். காபி இருக்கிறதா என்று கேட்டான். அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.