கதவைப் பார்த்த கதிரை

...இந்தக் காலத்துப் பிள்ளைகள் தகப்பனிடம் எதையும் கேட்கிறதில்லை, முடிவெடுத்த பிறகு வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டு சொல்லுகிறதுகள், என் மகள் அஜந்தாவுக்கு மூன்று வருசம் கொலிஜில் வீட்டு உள்ளலங்காரம் படித்தது போதாதாம், இனி டொரொண்டோவில் பல்கலைக்கழகமாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடவேணுமாம், நீங்கள் ஓம் எண்டால்தான் போவன் அப்பா என்று அதற்கொரு சாட்டு வேறு. இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கொலிஜ் கண்காட்சிக்கு வந்தேன். இவள் தாய் செத்த வீட்டில் நான் தனியே யாரோடு கதைக்கிறது, சுவரோடா? சோபாவை எங்கே போடுவதென்று ஒரு படிப்பா? துறைமுகத்தில் பதினைந்து வருசம் விரல் இடைவெளி விடாமல் பெட்டி அடுக்கினேனே, எனக்கு எவன் பட்டம் தந்தான்? என்னோடு துறைமுகத்தில் வேலை செய்த விமலநாதனிடம் மகள் என்ஜினியருக்குப் படிக்கிறாள் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன், அவன் கூரை ஒழுகுது, அஜந்தாவை ஒருக்கா அனுப்பு அண்ணை என்று நச்சரிக்கிறான்...

மண்டபம் முழுக்க மட்டையில் வெட்டி ஒட்டிய வீடுகள். அஜந்தாவின் மேசையில் எங்கள் வீடு, பார்க் எக்ஸ்டென்ஷன் இரண்டாம் மாடி, வளைந்த இரும்புப் படி முதற்கொண்டு. யாரைக் கேட்டு? இதற்குத்தானா போன மாசம் அளவுநாடாவோடு என் காலுக்குள் திரிந்தாள்? சோபாவைக் காணோம், சாமான் அறைச் சுவரைக் காணோம், ஆனால் நான் குந்துகிற என் கதிரை மட்டும் இருந்த மூலையிலேயே, முதுகு சுவரோடு, முன்கதவும் பின்கதவும் ஒன்றாய்த் தெரிய... செலீன் என்கிற வாத்தியாரம்மா அதைத் தொட்டுப் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்னவாம் என்று அஜந்தாவைக் கேட்டேன். கதிரையை ஏன் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போடவில்லை என்று கேட்கிறாவாம், அதற்கு மார்க்ஸும் குறைத்துவிட்டாவாம்.

"நீ என்ன சொன்னனி?"

"அப்பா கதவைப் பாத்துத்தான் இருப்பார், அதை மாத்தேலாது எண்டன்."

"ஏனெண்டும் சொன்னியோ?"

"எனக்குத் தெரிஞ்சால்தானே சொல்ல. நீங்கள் ஒருநாளும் சொல்லேல்லை."

எப்படிச் சொல்லுவது, இவள் பிறக்க முதல் ஊரில் ஒரு மத்தியானம், என் தம்பி பின்கதவுக்கு முதுகு காட்டி இருந்து சோறு தின்றான், துப்பாக்கியோடு உள்ளே வந்தவர்களை அவன் காணவில்லை, சாப்பாட்டுக் கோப்பையில் அவன் கைபட்ட சோறு அப்படியே... இதை மட்டை வெட்டுகிற இடத்தில் சொல்லுகிறதா? அப்பா, வெள்ளிக்கிழமை, என்று தொடங்கினாள். இல்லை என்று வாய் திறந்தால் பேந்து பாப்பம், வெள்ளிக்கு இன்னும் நாள் கிடக்கு என்று வந்தது. சால்வையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன், இது ஒரு படிப்பென்று எவன் சொன்னாலும் நான் நம்பமாட்டேன், ஒரு கதிரையை இருந்த இடத்தில் வைக்க மூன்று வருசமா... மெட்ரோப் படியில் இறங்கும்போதுதான் உறைத்தது, அந்த மட்டை வீட்டில் ஒரே ஒரு கதிரைதானே இருந்தது, அவளுடையது எங்கே, நிஜ வீட்டில்தான் அவள் எங்கே இருந்து சாப்பிடுகிறாள், எந்தப் பக்கம் பார்த்து? யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.