பன்னிரண்டாவது ஆட்டுக்காரி

லண்டனின் சதர்க் பகுதியிலிருந்த வார்ப்படப் பட்டறையில் ஈனக் பார்கெட்டருக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான்: ஈரம். வெண்கலச் சிலை உள்ளே கூடாக வருவதற்கு அச்சின் நடுவே மண் கரு ஒன்றை வைப்பார்கள். அது சரியாகக் காயவில்லை என்றால், கொதிக்கும் உலோகம் பட்டதும் அச்சு வெடிக்கும். அப்படி ஒருமுறை வெடித்தபோது, அங்கே வேலை பார்த்த ஒபதையாவின் தொப்பி தேம்ஸ் ஆற்றின் மறுகரையில் கிடைத்தது. தொப்பிக்குக் கீழே இருந்ததை யாரும் தேடப் போகவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு கலைச் சங்கம், உறுப்பினர்களுக்குக் குலுக்கலில் கொடுப்பதற்காக ஓரடி உயர ஆட்டுக்காரிச் சிலைகள் முப்பது கேட்டிருந்தது. எல்லாம் ஒரே பிளாஸ்டர் மாதிரியிலிருந்து எடுப்பவை. ஆட்டுக்காரி நெற்றியில் கைவைத்து நேரே தூரத்தைப் பார்ப்பாள். பதினொன்று அப்படியே வந்தன. பன்னிரண்டாவதை வியாழக்கிழமை காலை அச்சிலிருந்து எடுத்தபோது, தலை வலப்பக்கம் திரும்பியிருந்தது.

"அத்தான், இவ யாரப் பாக்குறா?" என்றான் ஈனக்கின் மனைவியின் தம்பி சைலஸ்.

"யாரையோ. உன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல போல."

சொல்லிவிட்டாரே தவிர, ஈனக் போய் பிளாஸ்டர் மாதிரியை எடுத்துப் பார்த்தார். அது பழையபடி நேராகத்தான் பார்த்தது. சிலையை அலமாரியில் இப்படி வைத்தார், அப்படி வைத்தார். எப்படி வைத்தாலும் அவள் முகம் கரு காய வைக்கும் அடுப்பையே பார்த்தது. ஒரு சாக்கைப் போட்டு மூடினார். சாக்கு கீழே விழுந்தது.

மத்தியானம் பதின்மூன்றாவது வார்ப்பு. இருவருமாக, உலோகம் உருக்கும் மூசையை இடுக்கியில் தூக்கினார்கள். உள்ளே வெண்கலம் தளதளத்தது. அச்சின் வாய்க்கு ஒரு சாண் இருக்கும்போது ஈனக்கின் மூக்கில் மீன் வாடை ஏறியது.

"அடுப்புல என்னடா?"

"ஹெர்ரிங் மீன் அத்தான். மத்தியானத்துக்குச் சூடு பண்றேன். எல்லாரும் பண்றதுதானே?"

"தட்டுக்கு இடம் ஏது?"

"ஒரு கருவக் காலைலயே வெளிய எடுத்து…" சைலஸின் குரல் இறங்கியது. "இந்த அச்சுல வச்சுட்டேன்."

"அடப்பாவி! அது மத்தியானம் வரைக்கும் காயணும்டா! ஊத்தாத, பின்னால வா!"

பின்வாங்கினார்கள். ஆனால் உலோகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? மிஞ்சியதைக் கொட்டும் இரும்புத் தொட்டி மூலையில் இருந்தது. அங்கே போய்ச் சாய்க்கப் போன ஈனக், எதற்கோ அலமாரியை ஏறிட்டார்.

ஆட்டுக்காரி இப்போது அடுப்பைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள்.

ஈனக் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கூரை ஒழுகி நாலு விரல் ஆழத்துக்கு மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"கீழ வைடா! காஞ்ச மணல்ல, மெதுவா!"

வைத்தார்கள். எதுவும் நடக்கவில்லை. சைலஸ் பெருமூச்சு விட்டான். "அப்பாடா. தப்பிச்சோம்."

ஈனக் மறுபடி அலமாரியைப் பார்த்தார். அவள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. போதாததற்குக் கண்ணையும் இறுக மூடியிருந்தாள்.

இருவரும் தெருவில் போய்த்தான் நின்றார்கள். மழை கொட்டியது. பத்து நிமிடம் போயிற்று, அரைமணியும் போயிற்று.

"அத்தான், மீன் கருகுது."

"கருகட்டும்டா," என்றார் ஈனக், காதிலிருந்து கையை எடுக்காமல்.